பழையதற்குப் புரியும் பாஷை

மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டின் 1.17 என்ற பதிப்பு 2021-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் வெளிவந்தபோது, சிநேகிதர்களோடு சேர்ந்து விளையாடுவதற்காகச் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே சர்வர் வைத்து நடத்திவந்தவர்களில் பலர், முதல் நாள் வரையில் யாதொரு தகராறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த அந்த சர்வர், புதிய ஃபைலை இறக்கி வைத்த மாத்திரத்தில் கறுப்புத் திரையில் சில வரி இங்கிலீஷைக் கொட்டிவிட்டு நின்றுபோவதைக் கண்டார்கள். அந்த வரிகளின் சாரம் இது: இந்தப் புரோகிராம் என்னைவிடப் பிந்தைய ஜாவா ஒன்றினால் தயாரிக்கப்பட்டிருக்கிறது, அதன் கிளாஸ் ஃபைல் பதிப்பு 60.0, எனக்கோ 52.0 வரையில்தான் தெரியும். உண்மையை மறைக்காமலும் திரிக்காமலும் சொன்ன வாக்கியந்தான். ஆனால் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் அதைப் படித்துவிட்டு, ஜாவா 60 எங்கே கிடைக்கும் என்று தேடப் புறப்பட்டால் அவனைக் குற்றம் சொல்ல நமக்கு என்ன நியாயம் இருக்கிறது? அப்படி ஒரு ஜாவா உலகத்தில் கிடையாது. அவனுக்கு வேண்டியிருந்தது ஜாவா 16. அவனிடம் இருந்தது ஜாவா 8.

இந்தக் குழப்பத்தின் மூலத்தை அறிய வேண்டுமானால், தொழில் தெரிந்தவர்கள் ரன்டைம் என்று சொல்வது எதை என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. மனிதர் எழுதுகிற ஜாவா வாசகங்களைக் கம்பைலர் என்ற கருவி படித்து, பைட்கோடு எனப்படும் இடைப்பட்ட பாஷை ஒன்றுக்கு மாற்றி, கிளாஸ் ஃபைல்களாகச் சேமித்து வைக்கிறது. அந்த பைட்கோடைக் கம்ப்யூட்டரின் பிராஸஸர் நேரே புரிந்துகொள்ளாது. அதை வாசித்து, அந்தந்த யந்திரத்துக்கு ஏற்ற கட்டளைகளாக்கி நடத்திவைக்க, உபயோகிப்பவரின் கம்ப்யூட்டரில் இன்னொரு புரோகிராம் ஏற்கனவே இருந்தாக வேண்டும். அதுதான் ரன்டைம். கம்பைலர் இருப்பது எழுதியவரிடம், ரன்டைம் இருப்பது உபயோகிப்பவரிடம் என்பதனால், முன்னவர் தம்முடையதைப் புதுப்பித்துக்கொண்டு பின்னவர் பல வருஷங்களாகத் தம்முடையதைத் தொடாமலே இருந்துவிடுகிற சந்தர்ப்பம் அடிக்கடி நேர்கிறது. நேராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கிளாஸ் ஃபைல் ஒன்றைப் பிரித்து அதன் பைட்டுகளை வரிசையாகப் பார்த்தால், முதல் நான்கு பைட்டுகள் எல்லா ஃபைல்களிலும் ஒன்றாகவே இருக்கும். பதினாறை அடியாகக் கொண்ட எண் முறையில் எழுதும்போது அவை ‘கஃபே பேப்’ என்று இங்கிலீஷில் படிக்கும்படி அமைந்திருக்கின்றன. ஜாவாவை உண்டாக்கியவர்கள் செய்துவைத்த வேடிக்கை அது. அடுத்த இரண்டு பைட்டுகளில் சிறு பதிப்பு எண்ணும், அதற்கும் அடுத்த இரண்டில் பெரும் பதிப்பு எண்ணும் வருகின்றன. 1997-இல் வந்த ஜாவா 1.1-க்கு அந்தப் பெரும் எண் 45. அதன் பின் ஒவ்வொரு பெரிய வெளியீட்டுக்கும் ஒன்று ஒன்றாகக் கூடி, 2014-இல் வந்த ஜாவா 8-க்கு 52 என்றும், 2021 மார்ச்சில் வந்த ஜாவா 16-க்கு 60 என்றும், 2023-இல் வந்த ஜாவா 21-க்கு 65 என்றும் ஏறியிருக்கிறது. 44-ஐக் கழித்தால் ஊரறிந்த பதிப்பு எண் கிடைத்துவிடும் என்பது, புரோகிராமர்கள் பலர் மனப்பாடமாக வைத்திருக்கும் சூத்திரம். ரன்டைம் இந்த எட்டு பைட்டுகளை முதலில் படித்து, பெரும் எண் தனக்குத் தெரிந்த உச்ச எண்ணைத் தாண்டியிருக்குமானால், மேற்கொண்டு இருப்பதை நடத்த முயலாமலே மறுத்துவிடுகிறது. இந்த மறுப்பு விவேகமானது. தெரியாத கட்டளை வரும் இடம் வரையில் ஓடிவிட்டு, பாதிக் காரியத்தில், உபயோகிப்பவரின் ஃபைல்களை அரைகுறையாக எழுதிய நிலையில் நின்றுபோவதைவிட, ஆரம்பத்திலேயே முடியாது என்று சொல்லிவிடுவது எவ்வளவோ மேல்.

அப்படியானால், அந்த 44-ஐக் கழித்து, ‘ஜாவா 16 வேண்டும்’ என்று ரன்டைமே சொல்லிவிடலாகாதா என்று வாசகர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் செய்தியை அச்சிடுவது யார் என்பதைச் சற்று யோசித்தால் அதில் உள்ள சங்கடம் புலப்படும். அச்சிடுவது பழைய ரன்டைம். ஜாவா 8-ஐ இயற்றியவர்கள் அதை வெளியிட்ட காலத்தில், ஏழு வருஷங்களுக்கு அப்பால் 60 என்ற எண்ணோடு ஒரு பதிப்பு வரும் என்பதையோ, அதற்கு ஜாவா 16 என்று பெயரிடுவார்கள் என்பதையோ அறிந்திருக்க வழியில்லை. பெயரிடும் வழக்கமும் அதற்கு முன்பே ஒரு தடவை மாறியிருந்தது, 1.2, 1.3, 1.4 என்று வந்துகொண்டிருந்தது 2004-இல் 5 என்று ஆகிவிட்டது. வரப்போவதன் பெயரை ஊகித்துச் சொல்வதைவிட, கண்ட எண்ணைக் கண்டபடி சொல்லிவிடுவது யோக்கியமான காரியந்தான். அவர்கள் தங்களால் ஆனதைச் செய்தும் இருக்கிறார்கள்: ஜாவா 7 வரையில் ‘ஆதரிக்கப்படாத மேஜர்.மைனர் பதிப்பு 52.0’ என்ற வறட்டு வாசகம் மாத்திரமே வந்துகொண்டிருந்தது. எது புதியது, எது பழையது என்று இரு கட்சியையும் பிரித்துச் சொல்லும் நீண்ட வாக்கியம் ஜாவா 8-இல்தான் இடம் பெற்றது.

பழையதற்குப் புதியதைத் தெரியாது. புதியதற்குத்தான் பழையதைத் தெரியும். பதிப்புகள் பொருந்தாத சமயத்தில் உபயோகிப்பவருக்கு நல்ல வார்த்தை ஒன்று கிடைக்க வேண்டுமானால், அதை எழுதும் பொறுப்பு புதிதாக வரும் புரோகிராமைச் சேர்ந்தது என்பதே இதிலிருந்து ஏற்படுகிறது.

இதன் இரண்டு பக்கங்களையும் பைத்தானில் தெளிவாகப் பார்க்கலாம். 2008 டிசம்பரில் வெளிவந்த பைத்தான் 3.0, தனக்கு முந்தியதோடு வேண்டுமென்றே முறித்துக்கொண்டு வந்தது. அதுவரையில் ‘பிரிண்ட்’ என்று எழுதிப் பக்கத்தில் அச்சிட வேண்டியதை வைத்தால் போதும் என்று இருந்ததை மாற்றி, அச்சிட வேண்டியதை அடைப்புக்குறிக்குள் வைத்தே தீர வேண்டும் என்றது. ஆரம்பத்தில், பழைய பழக்கத்தில் எழுதியவர்களுக்கு ‘தவறான இலக்கணம்’ என்று பொருள்படும் இரண்டு சொற்களைத் தவிர வேறு விளக்கம் கிடைக்கவில்லை. பிற்பாடு வந்த பைத்தான் 3 பதிப்புகள் இந்தப் பிழையைத் தனியாக அடையாளம் கண்டு, பிரிண்டை அழைக்கும்போது அடைப்புக்குறி விட்டுப்போயிற்று என்று சொல்லி, இப்படி எழுத நினைத்தீர்களா என்று கேட்டு, திருத்தமான வடிவத்தையும் காட்டலாயின. பழைய வழக்கம் இன்னதென்று புதியதற்குத் தெரிந்திருந்ததனால் இந்த உபசாரம் சாத்தியமாயிற்று. இதற்கு எதிர்த்திசையில், 2016-இல் வந்த பைத்தான் 3.6, எஃப் என்ற எழுத்தை மேற்கோள் குறிக்கு முன்னால் வைத்து எழுதும் புதுமாதிரியான சரங்களை, அதாவது எழுத்துத் தொடர்களை, அறிமுகப்படுத்தியது. அப்படி எழுதிய ஃபைலைப் பைத்தான் 2.7-இடம் கொடுத்தால், அது அந்த மேற்கோள் குறியின் கீழே ஒரு சிறு கூர்முனையை வரைந்து, ‘தவறான இலக்கணம்’ என்று மட்டும் சொல்லும். எழுதியதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. படிக்கிறது பழையது என்பதுதான் பிழை. இதை அந்தப் பழையதே எப்படிச் சொல்லும்?

கடிதத்தின் உள்ளே எந்தப் பாஷையில் எழுதினாலும், உறையின் மேல் தபால்காரருக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில் விலாசம் எழுதத்தானே வேண்டும்? புரோகிராம் விஷயத்திலும் அதேதான். இந்த யுக்தியை மிகத் தெளிவாகக் கையாண்ட உதாரணம் ஒன்று, நம்மில் பலருடைய கம்ப்யூட்டர்களில் ஆயிரக்கணக்கான பிரதிகளாக இன்றைக்கும் இருந்துகொண்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. விண்டோஸில் ஓடும் எந்த இஎக்ஸ்இ ஃபைலை எடுத்துக்கொண்டாலும், அதன் தலையில் ‘எம், இசட்’ என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். அவை மைக்ரோசாஃப்டில் டாஸுக்கான அந்த ஃபைல் அமைப்பை வகுத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்பவரின் முதலெழுத்துகள். அதைத் தொடர்ந்து வருவது, விண்டோஸ் புரோகிராம் அன்று; டாஸ் என்ற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கென்று எழுதிய தனியான குட்டிப் புரோகிராம்.

அதை ஒருமுறை அருகில் வைத்துப் பார்க்கலாம். வழக்கமாகச் சேர்க்கப்படும் அந்தக் குட்டிப் புரோகிராமின் கட்டளைகள் மொத்தம் 14 பைட்டுகள். பதினைந்தாவது பைட்டிலிருந்து, ‘இந்தப் புரோகிராமை டாஸ் முறையில் ஓட்ட முடியாது’ என்ற இங்கிலீஷ் வாக்கியம் தொடங்குகிறது. வாக்கியத்தின் முடிவில் ஒரு டாலர் குறி, ஏனென்றால் டாஸின் அச்சிடும் சேவைக்கு டாலர் குறிதான் முற்றுப்புள்ளி. கட்டளைகள் செய்யும் வேலை இரண்டே இரண்டு: டாஸைக் கூப்பிட்டு அந்த வாக்கியத்தைத் திரையில் போடச் சொல்வது ஒன்று, காரியம் நடக்கவில்லை என்பதற்கு அடையாளமாக 1 என்ற எண்ணை விட்டுவிட்டு வெளியேறுவது மற்றொன்று. விண்டோஸ் இதைச் சட்டை செய்வதே இல்லை. ஃபைலின் தொடக்கத்திலிருந்து 60 பைட்டுகள் தள்ளி எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து, தனக்குரிய பாகம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிந்துகொண்டு அங்கே தாவிவிடுகிறது. ஆக, ஒரே ஃபைல், பழைய சிஸ்டத்துக்கு அதற்குப் புரியும் கட்டளைகளில் ஒரு பதிலையும், புதிய சிஸ்டத்துக்கு முழுப் புரோகிராமையும் தருகிறது. 64 பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராம்கள் ஓடவே ஓடா. ஆயினும் அதற்கென்று தயாரிக்கும் ஃபைல்களிலும் இந்தப் பழைய பதில் தவறாமல் சேர்க்கப்பட்டுவருகிறது.

யுக்தியைப் புகழ்ந்தாயிற்று; வாசகத்தைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. விண்டோஸின் தொடக்க காலத்து ஃபைல்களில் இதே இடத்தில், ‘இந்தப் புரோகிராமுக்கு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் தேவை’ என்று எழுதியிருந்தது. பின்னால் வந்தவர்கள் அதை எடுத்துவிட்டு, டாஸில் ஓடாது என்று போட்டார்கள். டாஸில் ஓடவில்லை என்பது, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கண்கூடாகவே தெரிந்த விஷயம். எதில் ஓடும் என்பதுதான் அவருக்குத் தெரியாதது. பழைய வாசகம் தெரியாததைச் சொல்லிற்று. புதியது தெரிந்ததைத் திருப்பிச் சொல்கிறது.

பைத்தானில் இதே யுக்தியைச் செய்ய முயல்கிறவர்கள் முதலில் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. ஃபைலின் முதல் வரியிலேயே, ரன்டைமின் பதிப்பு 3.6-க்குக் குறைவாக இருந்தால் இன்ன செய்தியை அச்சிட்டு வெளியேறு என்று எழுதிவைத்துவிட்டு, இனிக் கவலை இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பழைய பைத்தானில் ஓட்டிப் பார்த்தால், அந்த அழகான செய்தி வராமல், அதே ‘தவறான இலக்கணம்’தான் வருகிறது. காரணம், பைத்தான் ஒரு ஃபைலின் முதல் வரியை நடத்துவதற்கு முன்னால், கடைசி வரி வரையில் முழுவதையும் படித்து, இலக்கணம் சரிபார்த்து, தன் பைட்கோடாக மாற்றிவிடுகிறது. நூறாவது வரியில் புதுமாதிரிச் சரம் ஒன்று இருந்தால், முதல் வரியில் உள்ள பரிசோதனைக்கு ஓடும் பாக்கியமே கிட்டுவதில்லை.

ஆகவே பரிசோதனையைத் தனி ஃபைலில் வைக்க வேண்டும். அந்த ஃபைல் செய்யும் காரியம், பதிப்பைப் பார்ப்பது, பொருந்தாவிட்டால் செய்தியைச் சொல்லி நிறுத்துவது, பொருந்தினால் மாத்திரம் உண்மையான புரோகிராம் உள்ள இரண்டாவது ஃபைலை வரவழைப்பது என்ற அளவோடு நிற்க வேண்டும்; அதில் உள்ள ஒவ்வொரு வரியும் எவ்வளவு பழைய பைத்தானுக்கும் புரியும்படி இருக்க வேண்டும். பிரிண்டுக்கு அடைப்புக்குறி போட்டு, உள்ளே ஒரே ஒரு சரத்தை மட்டும் வைத்தால், பைத்தான் 3 அதைத் தன் முறைப்படியும், பைத்தான் 2 வெறும் அடைப்புக்குறியிட்ட சரமாகவும் எடுத்துக்கொண்டு இரண்டும் ஒன்றையே அச்சிடும். கமா போட்டு இரண்டு சரங்களை வைத்துவிட்டால், பைத்தான் 2 அடைப்புக்குறியையும் சேர்த்தே அச்சிட்டுவிடும். இவ்வளவு ஜாக்கிரதையாக எழுதிய ஃபைலுக்கு ஆபத்து பெரும்பாலும் உள்ளிருந்தே வருகிறது. பழைய பாணியில் உள்ள வரிகளைத் தானாகப் புதுப்பித்துக் கொடுக்கும் கருவிகள் இப்போது உண்டு. யாரோ ஒருவர் சிரத்தையோடு அவற்றை எல்லா ஃபைல்களின் மேலும் ஓட்டிவிட்டால், பழமையாக இருப்பதையே தன் பிரயோஜனமாகக் கொண்ட இந்த ஒரு ஃபைலும் புதுமையாகிவிடும். புதிய பைத்தானில் எல்லாச் சோதனைகளும் தேறும். பழையதை வைத்திருப்பவருக்கு மட்டும் செய்தி வராது. இந்த ஃபைலை ஏன் பழையதாகவே விட வேண்டும் என்று அதன் தலையிலேயே ஒரு குறிப்பு எழுதிவைப்பதும், பழைய பைத்தான் ஒன்றை நிஜமாகவே வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்ப்பதும் அவசியமாகிறது.

ஜாவாவில் வழி சற்றுச் சுலபம். தொடக்க வகுப்பு ஒன்றை மட்டும் பழைய எண்ணுக்குரிய கிளாஸ் ஃபைலாகத் தயாரித்து, அதில் பரிசோதனையை வைத்து, மற்றவற்றைப் புதிய எண்ணில் தயாரித்துக்கொள்ளலாம். பழைய ரன்டைம் தொடக்க வகுப்பைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளும். எவ்வளவு பழையதற்கும் இப்படிப் போகலாம் என்று நினைத்துவிடக் கூடாது: ஜாவா 20-இன் கம்பைலர், ஜாவா 7-க்கு உரிய ஃபைல்களைத் தயாரிக்கும் வசதியையே விட்டுவிட்டது.

செய்தி வந்துவிட்டால் மட்டும் போதாது, அதன் வாசகமும் சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு லினக்ஸ் உபயோகிக்கிறவர்களிடம் கசப்பான ருசு இருக்கிறது. லினக்ஸ் புரோகிராம்களில் பெரும்பாலானவை ஜிலிப்சி என்ற ஆதார நூலகத்தை நம்பி ஓடுகின்றன. புதிய சிஸ்டத்தில் தயாரித்த புரோகிராமைப் பழைய சிஸ்டத்தில் ஓட்டினால், ‘ஜிலிப்சி 2.34 காணவில்லை, இந்தப் புரோகிராமுக்குத் தேவை’ என்ற கருத்துள்ள வரி ஒன்று வந்து நிற்கும். ஒவ்வொரு சொல்லும் நிஜம். ஆனால் அதைப் படிக்கிறவர் இயல்பாக என்ன நினைப்பார்? இல்லாததைக் கொண்டுவந்து வைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பார். எங்கிருந்தாவது அந்த நூலகத்தை இறக்கிப் பழையதன் மேல் எழுதிவிடுவார். அந்த நூலகத்தை நம்பியிருப்பது இந்த ஒரு புரோகிராம் மட்டும் அல்லவே. ஃபைல்களைப் பட்டியலிடும் சின்னஞ்சிறு கட்டளை முதல் சகலமும் அதையே நம்பியிருப்பதால், மறு விநாடி முதல் கம்ப்யூட்டரில் எதுவுமே ஓடாது. செய்த தவற்றைத் திருத்துவதற்கு வேண்டிய கட்டளையும் ஓடாது. நோய் இன்னதென்று சரியாகச் சொல்லி, மருந்தைத் தவறாக ஊகிக்கவிட்ட செய்தி அது. இந்தப் புரோகிராமுக்குப் புதிய சிஸ்டம் வேண்டும், அல்லது பழைய சிஸ்டத்துக்கென்று தயாரித்த பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள், நூலகத்தை நீங்களாக மாற்றாதீர்கள் என்று ஒரு வரி இருந்திருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்.

ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 1994-இல் திருத்தமாக வகுத்த பத்து விதிகளில் ஒன்று, பிழைச் செய்தி சாதாரணப் பேச்சில் இருக்க வேண்டும், கோளாறைத் துல்லியமாகச் சுட்ட வேண்டும், பரிகாரத்தையும் சொல்ல வேண்டும் என்கிறது. அந்த விதியைப் பதிப்பு விவகாரத்துக்குப் பிரயோகித்தால், தேவையான பதிப்பு, இப்போது கண்ட பதிப்பு, செய்ய வேண்டியது என்ற மூன்றும் வேண்டும் என்று ஆகிறது. நான்காவதாக ஒன்றை நான் சேர்ப்பேன். அனுபவசாலிகளும் பல தடவை விட்டுவிடுவது அதைத்தான். கண்ட ரன்டைம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜாவா 17 வேண்டும் என்ற செய்தியைப் பார்த்து, அதை இன்ஸ்டால் செய்து முடித்துவிட்டு, மறுபடியும் ஓட்டி, மறுபடியும் அதே செய்தியைக் கண்டு தலையில் கை வைத்துக்கொள்கிறவர்கள் அநேகர். அவர்களுடைய கம்ப்யூட்டரில் இரண்டு ஜாவாக்களும் இருக்கின்றன. ஜாவா எங்கே என்று சிஸ்டம் தேடும் பாதையில் பழையது முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான். செய்தி இப்படி இருந்தால் என்ன குறைந்துபோகும்?

‘இந்தப் புரோகிராமுக்கு ஜாவா 17 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். இப்போது ஓடுவது ஜாவா 8. அது இருப்பது இந்த ஃபோல்டரில். ஜாவா 17-ஐ ஏற்கனவே இன்ஸ்டால் செய்திருந்தால், பாத் அமைப்பில் அதை முன்னால் வையுங்கள். உங்கள் ஃபைல்கள் எதுவும் மாற்றப்படவில்லை.’

கடைசி வாக்கியம் அலங்காரத்துக்காகப் போட்டதன்று. கணக்கையோ கடிதங்களையோ ஒரு புரோகிராமை நம்பி ஒப்படைத்திருப்பவருக்கு, அது ஓடாமல் நின்றதும் முதலில் எழும் பயம் அதுதான். செய்தியைத் தமிழிலும் தரலாம், தரவும் வேண்டும். ஆனால் ரன்டைம் முதலில் தந்த இங்கிலீஷ் வாசகத்தை அடியோடு விழுங்கிவிடாமல், கீழே ஒரு வரியாக அதையும் விட்டுவைப்பது உசிதம். உதவி தேடுகிறவர் தேடுபொறியில் அப்படியே எடுத்துப் போடுவது அந்த வரியைத்தான்.

இனி, பதிப்புகளை ஒப்பிடுவது. இரண்டு எண்களில் எது பெரியது என்று பார்ப்பதில் என்ன சிரமம் என்று தோன்றும். ஆனால் இந்த அற்பமான காரியத்தில் புரோகிராமர்கள் செய்த பிழைகளுக்கு ஈடுகொடுப்பதற்காக, பெரிய பெரிய கம்பெனிகள் தங்கள் சிஸ்டங்களின் வயதைப் பற்றிப் பொய் சொல்லும்படி ஆகியிருக்கிறது. 1991-இல் வந்த டாஸ் 5-இல், செட்வெர் என்ற கட்டளை சேர்க்கப்பட்டது. அதன் வேலையே, இன்ன புரோகிராம் கேட்டால் நம் பதிப்பு இன்னது என்று பழைய எண்ணைச் சொல்லி ஏமாற்றுவது. ‘இந்தப் பதிப்பு அல்லது பிந்தியது’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘இதே பதிப்புதானா’ என்று கேட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு வெளியேறிய புரோகிராம்கள் அத்தனை இருந்தன. விண்டோஸ் 95 உண்மையில் நான்காவது பதிப்பு. பழைய 16 பிட் புரோகிராம்கள் கேட்டாலோ 3.95 என்று சொல்லிற்று. விண்டோஸ் 3.10-க்காக எழுதியவர்களில் சிலர், முதல் பாகம் 3-க்குக் குறையாமலும் இரண்டாவது பாகம் 10-க்குக் குறையாமலும் இருக்கிறதா என்று தனித்தனியே பார்த்துவைத்தார்கள், 4.0 என்று நிஜத்தைச் சொன்னால், பூஜ்யம் பத்தைவிடச் சிறியதாயிற்றே! விண்டோஸ் 7 தன்னை உள்ளுக்குள் 6.1 என்று அழைத்துக்கொண்டதும் இதே பயத்தினால்தான். 2020-இல் ஆப்பிளின் மேக் சிஸ்டம் பத்திலிருந்து பதினொன்றுக்கு ஏறியபோது, பழைய புரோகிராம்களிடம் 10.16 என்று சொல்லிக்கொண்டது.

2021-இல் பைத்தான் 3.10 வந்தபோது இந்தக் கூத்து வேறு வேஷத்தில் நடந்தது. பதிப்பை எண்களாகப் பாராமல் எழுத்துகளாகப் பார்த்து ஒப்பிட்டிருந்த புரோகிராம்களுக்கு, 3.10 என்பது 3.9-க்கு முந்தியதாகத் தெரிந்தது, ஒன்று ஒன்பதுக்கு முன்னால் வருகிறது என்பதனால். முதல் மூன்று எழுத்துகளை மட்டும் வெட்டியெடுத்துப் பார்த்தவர்களுக்கு 3.1 என்று கிடைத்தது. அத்தகைய புரோகிராம்கள், அப்போதைய பைத்தான்களில் மிகவும் புதியதை வைத்திருந்தவரிடம், உங்கள் பைத்தான் மிகவும் பழையது என்று மிகுந்த மரியாதையோடு சொல்லியிருக்கும். செய்தி எவ்வளவு சினேகமாக இருந்து என்ன பயன், அது பொய்யாக இருக்கும்போது? பாகம் பாகமாகப் பிரித்து எண்களாக ஒப்பிடும் ஏற்பாடு பைத்தானிலேயே வெகுகாலமாகத் தயாராக இருக்கிறது. அதை விட்டு எழுத்துகளை வெட்டுவதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை.

இவ்வளவும், செய்தி காட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலைமைக்கு. அந்த நிலைமையே வராமல் செய்வது அதனினும் உயர்ந்தது. மைன்கிராஃப்டின் சொந்த லாஞ்சர் வழியாக விளையாடியவர்களுக்கு அந்த 2021 ஜூனில் எந்தச் சங்கடமும் ஏற்படவில்லை. லாஞ்சர் தனக்கு வேண்டிய ஜாவாவைத் தானே கொண்டுவந்து வைத்துக்கொண்டது. அகப்பட்டுக்கொண்டவர்கள், தாமே வைத்திருந்த ஜாவாவில் சர்வரை ஓட்டியவர்கள். ரன்டைமைக் கூடவே கட்டிக் கொடுப்பதற்கு இடம் அதிகம் செலவாகும். பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்போதெல்லாம் கட்டிக் கொடுத்தவரே அதையும் புதுப்பிக்கும் கடமைக்கு ஆளாவார். சாதாரண ஜனங்களுக்கான புரோகிராமுக்கு இது தகுந்த விலை என்றே நினைக்கிறேன்.

புரோகிராமர்களுக்கான கருவிகளில் வேறு வழி கையாளப்பட்டது. ஐபைத்தான் என்ற பிரசித்தமான கருவி, 2017 ஏப்ரலில் தன் 6.0 பதிப்போடு பைத்தான் 2-ஐக் கைவிட்டது. லட்சக்கணக்கானவர்கள் அப்போதும் பைத்தான் 2.7-இல்தான் இருந்தார்கள். பைத்தான் பொட்டலங்களை இறக்கிக் கொடுக்கும் பிப் என்ற கருவியின் 9.0 பதிப்பு, அதற்குச் சில மாதங்கள் முன்னால், 2016 நவம்பரில் வந்திருந்தது. ஒரு பொட்டலம் தனக்கு எந்தப் பைத்தான் வேண்டும் என்று விவரத்தில் எழுதிவைத்திருந்தால், அதைப் படித்து, இங்கே உள்ள பைத்தானுக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பை அதுவே தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். ஆகவே புதிய பிப் வைத்திருந்த பைத்தான் 2.7-காரர் ஐபைத்தான் கேட்டால், 6.0 வராமல், 5.x சத்தமில்லாமல் வந்து சேர்ந்தது. பிழையும் இல்லை, செய்தியும் இல்லை.

பழைய பிப் வைத்திருந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு தெரியாது, அவர்களுக்கு 6.0-தான் வந்து இறங்கும். அவர்களையும் ஐபைத்தான்காரர்கள் நினைத்துப் பார்த்திருந்தார்கள். பொட்டலத்தைப் பிரித்ததும் முதலில் ஓடும் ஃபைல், பைத்தான் 2 படிக்கக்கூடிய எழுத்திலேயே இயற்றப்பட்டிருந்தது. அது பைத்தானின் பதிப்பைப் பார்த்து, 2.7 என்றால் 5.x-ஐ இன்ஸ்டால் செய்துகொள்ளுமாறு சொல்லி, இங்கே கண்ட பைத்தான் இன்னது என்றும் எழுதிற்று. அதோடு விடாமல், பிப்பின் பதிப்பையும் விசாரித்து, அது 9.0.1-க்குக் குறைவாக இருந்தால், பொருந்தாத பொட்டலம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் உங்கள் பழைய பிப்தான், அதையும் புதுப்பியுங்கள் என்றது. பிப் புதியதாகவே இருந்தால், அதைப் பற்றி வாய் திறவாமல் இருந்துவிட்டது. செய்தி கைகாட்டிய அந்த 5.x பதிப்புக்கோ, 6.0 வந்த பிறகும் திருத்தங்கள் வந்துகொண்டிருந்தன.